பட்டினத்துக்கு ஒரு பொதியில்

பொதியில் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. பொது என்பதும் இல் என்பதும் சேர்ந்த சொல் அது. ஊரார் யாவர்க்கும் பொதுவான வீடு என்பது பொருள். மன்றம், அம்பலம் என்பனவும் அவ்வினத்துச் சொற்களே. மன்றம் என்றதும் இக்காலத்து மாணவன் ஒரு சங்கத்தை நினைக்கின்றான். அக்காலத்து மன்றமோ ஊர் நடுவே மரநிழலிற் கிடந்த ஒரு வெளி. ஆங்கே முதியோர் இருந்து வழக்குத் தீர்த்தனர், இளையோர் ஆடினர், வழிப்போக்கர் இளைப்பாறினர். விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லாதவனும் அங்கே போய் இருக்கலாம். ஏன் வந்தாய் என்று கேட்பார் இலர்.

இதனை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தபொழுது, யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு இப்பொழுது பொதியில் எது என்று மாணவரை வினவினேன். ஒருவன் பொதுசன நூலகம் என்றான். ஒருத்தி நல்லூர் வீதி என்றாள். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, நகர நடுவிலுள்ள ஒரு பெருங்கடையின் பெயரைச் சொன்னான். வகுப்புச் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. "அங்கதான் சேர் குளிராய் இருக்கும். மழைக்கும் நிக்கலாம். ஒருத்தரும் கலைக்கமாட்டினம்" என்றான். ஒன்றும் வாங்காது நிற்பவனை எந்தக் கடை எத்தனை நாள் பொறுக்கும் என்பது வேறு விஷயம். ஆயினும் அவன் விடை மற்றை இரண்டு விடைகளிலும் பார்க்க என்னை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியவற்றை அவன் சரியாகச் சொல்லிவிட்டான்: வெயிலுக்கும் மழைக்கும் ஓர் ஒதுக்கு, கலைக்காத ஒரு காவலாளி. இவ்விரண்டையும் அவனுக்குக் கொடுக்க வேண்டியது வியாபாரியா, நகரமா?

இம்மலரை வாசிக்கும் மூத்த பழைய மாணவர் பலர் செழிப்பாயிருந்த பட்டினத்தைக் கண்டவர்கள். நான் கண்டதில்லை. எனக்கு அறிவு தெரிந்த நாளில் முற்றவெளிப் பக்கம் இருந்தவை இடிந்த சுவர்களும் முட்கம்பியுமே. கண்டவர் சொல்லக் கேட்டே அப்பட்டினத்தை அறிந்தேன். "ரவுணுக்குப் போறன்" என்று என் தகப்பனார் சொல்லிப் புறப்பட்ட சனிக்கிழமைகளைப் பற்றி அவர் வாயிலாகவே பலமுறை கேட்டிருக்கின்றேன். காலையில் நூலகம், நடுப்பகலிற் பெரியகடைப் பக்கம் ஒரு சாப்பாடு, வெயில் தாழ முற்றவெளியில் விளையாட்டு, கையிற் காசிருந்தால் றீகலில் ஓர் ஆங்கிலப் படம், பின்னர் கடைசி பஸ். இவற்றுள் பஸ் காசு நீங்கக் காசு செலவானவை இரண்டுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றவை யாவும் இலவசம். அந்த இலவசத்துக்காக வந்தவர்கள்தாம் கடைத்தெருவிலும் நடந்தார்கள்; நடந்தபடியாற்றான் வாங்கினார்கள்.

அப்பட்டினம் தானாக முளைத்ததன்று. 1949 சனவரியில் யாழ்ப்பாணம் மாநகரசபையாக உயர்ந்தது, சாம் ஏ. சபாபதி முதல் மேயரானார். அதற்கு முன்னரே, 1933இல், கே. எம். செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலே தொடங்கிய சிறு வாசிகசாலைதான் பின்னாளிற் பொதுசன நூலகமாயிற்று. அதற்கொரு தக்க கட்டடம் வேண்டுமென்று நகரத்தார் விரும்பியபொழுது லோங் அடிகளார் முன்னின்றார். களியாட்ட விழா நடத்தியும் சீட்டிழுப்பு நடத்தியும் பணம் திரட்டினர். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் ஆலோசனை கூறினார். 1959 ஒக்டோபர் 11ஆந் திகதி அக்கட்டடத்தை மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். பல மதத்தாருடைய உழைப்பினால் எழுந்த வீடு அது. சீட்டு வாங்கியவன் வீதியால் போகும்பொழுது, அதில் ஒரு கல் தன்னுடையது என்று எண்ணியிருப்பான்.

பின்னர் நிகழ்ந்ததை விரிக்க வேண்டா, யாவரும் அறிந்ததே. 1981 மே 31 இரவும் மறுநாளும் நூலகம் எரிந்தது. 97,000 அளவிலான நூல்கள் சாம்பராயின. போர் முற்றியபொழுது மாநகர மண்டபம் அழிந்தது. 1990 ஜூனில் புகையிரதம் நின்றது. கோட்டை முற்றுகையோடு அதனைச் சூழ்ந்த தெருக்களும் பாழாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் நாங்கள் யாவரும் ஊரைவிட்டு ஓடினோம்.

ஆனால் இவ்வரிசையில் ஒன்றை மாத்திரம் நாம் அடிக்கடி விட்டுவிடுகின்றோம். 1990 ஒக்டோபரின் கடைசியில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு செய்தவர் அந்நியர் அல்லர், தமிழ்ப் போராளிகளே. இரும்புக்கடை, தையற்கடை, புடைவைக்கடை என்று கடைத்தெருவின் ஒரு பெரும் பங்கு அவர்களோடு போயிற்று. நகர நடுவிடம் நலிந்ததற்குக் குண்டு மாத்திரம் காரணம் என்று சொல்வோர் சோனகத் தெருவால் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மாநகர எல்லைக்குள் 118,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அத்தொகை 88,000 அளவாகக் குறைந்திருந்தது.

சமாதானம் வந்தபின் கடைகள் திரும்பின. 2014 ஒக்டோபரில் புகையிரதமும் திரும்பியது. நூலகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருத்தப்பட்டு வெண்ணிறமாய் நின்றது. ஆயினும் நகர நடுவிடம் பழைய நடுவிடமாகவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. 1974இல் திருநெல்வேலியில் எழுந்த பல்கலைக்கழகம் தன்னைச் சுற்றிக் கடைகளையும் விடுதிகளையும் தனிவகுப்புகளையும் வளர்த்தது. இளையோர் கால் அப்பக்கம் திரும்பியது. மாநகரசபையும் போருக்குப்பின் பல ஆண்டுகள் நல்லூரிலிருந்தே இயங்கியது. கந்தோருக்கு வருபவன்தானே அருகிற் கடைக்கும் போவான்? பகலிலே ஆஸ்பத்திரியும் பஸ் நிலையமும் இருப்பதால் நடுநகரிற் சனம் நெருங்கும். இருட்டியதும் கடைக் கதவுகள் சாத்தப்படும்; நாய்களும் முச்சக்கர வண்டிகளும் எஞ்சும். மணிக்கூட்டுக் கோபுரம் எட்டு மணியைக் காட்டும்பொழுது அதைப் பார்க்க ஆளிருப்பதில்லை.

இந்நிலையிலேதான் புல்லுக்குளத்தருகே, நூலகத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. இந்தியாவின் கொடை, ஒரு கோடியே பத்து இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட செலவு. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சிற் காணொளி வாயிலாகத் திறந்து, 2023 பெப்ரவரி 11ஆந் திகதி மக்களுக்கு உரித்தாக்கினர். அறுநூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கத்தக்க அரங்கு, இரண்டு மாடியில் நூதனசாலை, பதினொரு மாடிக் கல்விக் கோபுரம், திறந்தவெளி அரங்காகவும் பயன்படத்தக்க ஒரு சதுக்கம் ஆகியன அதிற் சேர்ந்துள்ளன. 2025 சனவரியில் திருவள்ளுவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. யாழ்ப்பாணம் என்ற பெயர் விடுபட்டதென்று எழுந்த மனக்குறையின் பின் அச்சொல்லும் சேர்க்கப்பட்டது. அம்மனக்குறை நியாயமானதே. தமிழாசிரியனாகிய நான் பெயரை அற்பமென்று சொல்ல மாட்டேன். ஆனால், பலகையில் எழுதிய பெயரைப் பற்றிப் பேசிய அளவிற் பத்திலொரு பங்கேனும், கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்பட வேண்டும் என்பது பற்றி நாம் பேசியிருக்கலாம்.

பெருங்கட்டடம் ஒன்று நலிந்த நகரத்தை எழுப்பியதற்கு உலகத்தார் காட்டும் உதாரணம் இஸ்பானியாவின் வடபால் உள்ள பில்பாவோ நகரம். இரும்பாலையும் கப்பற்றொழிலும் வீழ்ந்தபின் அது வறண்டு கிடந்தது. 1997இல் பிராங் கேரி என்பார் வரைந்த குகன்ஹைம் நூதனசாலை ஆற்றங்கரையிலே திறக்கப்பட்டது. உலகம் முழுவதும் அங்கே திரண்டது. பிற நகரத்தார் பலரும், தமக்கும் அவ்வாறொரு விசித்திரக் கட்டடம் இருந்தாற் போதும் என்று எண்ணத் தொடங்கினர். அவர்கள் கதையிற் பாதியைத்தான் கேட்டார்கள். நூதனசாலை திறக்க இரண்டாண்டு முன்னரே அந்நகரத்தில் நிலக்கீழ் இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. துறைமுகத்தைக் கடல்முகத்துக்கு மாற்றி ஆற்றங்கரையை விடுவித்தனர். அழுகிக் கிடந்த ஆற்றைப் பல்லாண்டு உழைத்துச் சுத்தஞ் செய்தனர். கரைநெடுக நடைபாதை அமைத்தனர். கட்டடம் கண்ணைக் கவர்ந்தது; வந்தவனை நடக்கவும் இருக்கவும் வைத்தவை மற்றவை.

நமக்கு இரயிலும் வேண்டா, ஆறும் வேண்டா. நமக்கு வேண்டியவை மிகச் சிறியன. சிறியனவாதலாலேயே எவரும் அவற்றைச் செய்ய முன்வருவதில்லைப் போலும்.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைகளுக்கிடையிலான ஒரு நாடகப் போட்டிக்கு மாணவரை அழைத்துச் சென்றிருந்தேன். எந்த மண்டபம் என்று சொல்ல வேண்டா, எங்கும் நிகழக்கூடியதே. விழா பிந்தித் தொடங்கியது. பிரமுகர் பேச்சு நீண்டது. எங்கள் நாடகத்தில் முக்கிய பாத்திரம் தாங்கிய பிள்ளை தீவகத்தைச் சேர்ந்தவள். மேடைக்கு முறை வரும்பொழுது கடைசி பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நாடகம் நடைபெறவில்லை. ஆறுமாத ஒத்திகை. அறுநூறு ஆசனங்களும் குளிரூட்டியும் ஒளியமைப்பும் அப்பிள்ளைக்கு என்ன செய்யும்? பண்ணைப் பாலத்துக்கு அப்பாலுள்ளவர்க்கும் வடமராட்சி, தென்மராட்சியில் உள்ளவர்க்கும் நகர மண்டபம் திறந்திருக்கும் நேரமென்பது கடைசி பஸ் உள்ள நேரந்தான். சாரதியும் நடத்துநரும் எண்ணினால் ஒரு நகரத்துக்கு இரண்டு மணிநேரம் கூட்டிக் கொடுக்கலாம்.

கலை சோறு போடுமா, கடையும் வீதியுமன்றோ நகரத்தை எழுப்பும் என்று கேட்கும் நண்பர் உளர். ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். அரங்கு நிறைந்து இரவு எட்டரைக்கு அறுநூறு பேர் வெளியே வருகின்றனர் என்க. அவருள் மூன்றிலொருவர் தேநீர் குடித்தால் இருநூறு தேநீர். வறுத்த கச்சான் விற்பவன் ஒருவன் வருவான். நாளைக்கும் ஆள் வரும் என்று கண்டால் இன்னொருவன் தோசைக் கல்லை வைப்பான். விளக்கெரியும் இடத்திற் பெண்பிள்ளைகள் அஞ்சாது நடப்பர். அவர்கள் நடக்கும் தெருவிற் புத்தகக் கடைக்காரன் கதவைச் சாத்த மனங்கொள்ளான். நடுநகரம் உயிர்க்கும் முறை இதுதான். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் அது வாரத்துக்கொருநாட் பெருவிழாவினால் நிகழாது. பெருவிழாவுக்கு வருபவர் வானில் வந்து வானிற் போவர். நாள்தோறும் சிறு நிகழ்ச்சிகள் வேண்டும்: செவ்வாயிற் சதுரங்கம், புதனில் மிருதங்க வகுப்பு, வியாழனிற் சிறுவர் கதைநேரம். அரைவாசி ஆசனம் வெறுமையாயிருந்தாலும் பாதகமில்லை.

இவ்விஷயத்தில் நமக்கு அயலார் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் மாலையிற் சனம் எங்கே இருக்கின்றது? மணலிலே. ஆசனம் இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, அழைப்பிதழ் இல்லை. கும்பிட்டவனும் இருக்கின்றான், கும்பிடாதவனும் இருக்கின்றான். பாட்டி கடலை கொறிக்கிறாள். பேரன் மணலில் வீடு கட்டுகிறான். அருகிலுள்ள கடைகளோ திருவிழாவுக்கென்றே முளைக்கின்றன. புல்லுக்குளத்தருகே உள்ள சதுக்கத்துக்கு அந்த மணலின் குணம் வர வேண்டும். வெயில் சுடும் நம் நாட்டில் நிழலில்லாத சதுக்கம் மாலை ஐந்து மணிவரை ஒருவருக்கும் உதவாது. வேம்போ மலைவேம்போ நாலு வைத்தாற் பத்தாண்டில் மன்றம் ஆகிவிடும். நூலகம், பூங்கா, புல்லுக்குளம், கோட்டை, வீரசிங்கம் மண்டபம் எல்லாம் கூப்பிடு தூரத்திற் கிடக்கின்றன. அவற்றை இணைக்க ஒரு நிழல்நடை போதும். மாநகர மண்டபத்துக்கும் பழைய இடத்திலேயே 2019இல் மீண்டும் அடிக்கல் நாட்டினர். வரி கட்ட வருபவரும் படிக்க வருபவரும் பாட்டுக் கேட்க வருபவரும் ஒரே மரத்தின் கீழ் நின்று பேசும் வாய்ப்பு இங்கே உண்டு.

திறப்பு யார் கையில் இருக்கின்றது என்பதும் சிறிய விஷயம் அன்று. 1974 சனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மகாநாடு இந்நகரத்தில் நடந்தது. இறுதிநாளாகிய 10ஆந் திகதி திறந்தவெளி அரங்கின் கதவு பூட்டப்பட்டிருந்தது. கூட்டம் வீரசிங்கம் மண்டபத்துக்கு மாறியது. மண்டபம் கொள்ளாத சனம் வீதியிலும் வெளியிலும் திரண்டது. பொலிசார் புகுந்ததனால் விளைந்த குழப்பத்தில் ஒன்பதின்மர் உயிரிழந்தனர். அவர்க்குரிய நினைவுத்தூண்கள் முற்றவெளியில் நிற்கின்றன. மாணவரை நூலகத்துக்கு அழைத்துப் போகும்பொழுதெல்லாம் அவற்றின் முன்னே சற்று நிறுத்துவது என் வழக்கம். அன்று அந்த வாயில் திறந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பூட்டிய பொதுமண்டபம் என்னும் சொற்றொடரில் உள்ள முரணை மாத்திரம் மாணவருக்கு விளக்குவேன்.

ஆகையால், புதிய மண்டபத்தை நடத்துங் குழுவில் அரசினரும் மாநகரசபையாரும் இருப்பது போலவே, நாட்டுக்கூத்துக் கலைஞரும், ஆசிரியரும், சோனகத் தெருவாரும், கடைத்தெரு வியாபாரிகளும், முக்கியமாக இருபது வயதுப் பிள்ளைகள் இருவரும் இருத்தல் வேண்டும் என்பேன். வாடகை விஷயத்தில் வட்டுக்கோட்டைக் கூத்துக்காரரும் வெளிநாட்டிலிருந்து வரும் பாடகரும் ஒரே தட்டில் நிறுக்கப்படலாகாது. கட்டுவதற்குக் கொடை கிடைத்தது. நாள்தோறும் விளக்கெரிக்கக் கொடை கிடைப்பது அரிது. பதினொரு மாடிக் கோபுரத்தின் மின்தூக்கியும் குளிரூட்டியும் மாதந்தோறும் கணக்குச் சீட்டு அனுப்பும். அந்தச் செலவை நுழைவுச்சீட்டினால் மாத்திரம் ஈட்ட முனைந்தால் கதவு தானாகவே ஒடுங்கிவிடும். செல்லப்பா அவர்கள் காலத்திலும் லோங் அடிகளார் காலத்திலும் நகரத்தார் சீட்டு வாங்கினர். இக்காலத்தவர் ஓர் அறையின் ஓர் ஆண்டு மின்செலவை ஏற்கலாம்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவையொட்டிக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நம் பழைய மாணவர் பலர் ஊர் வருகின்றனர். விருந்துபசாரம் வழக்கம்போல நடக்கும்; நடக்கட்டும். அதனோடு, இவ்விழா ஆண்டில் ஒரு மாலை, கல்லூரி மாணவரும் அயற் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து நடிக்கும் ஒரு நாடகத்தை அம்மண்டபத்தில் மேடையேற்ற வேண்டும். நுழைவு இலவசமாய் இருக்கட்டும். ஐந்தரைக்குச் சொன்னால் ஐந்தரைக்குத் தொடங்கட்டும். பிரமுகர் பேச்சு ஒன்று போதும், அதுவும் ஐந்து நிமிடம். முடிந்தபின் தீவகத்துக்கு ஒன்று, வடமராட்சிக்கு ஒன்று என இரண்டு பஸ் வண்டிகள் வாசலில் நிற்க வேண்டும். அவற்றின் செலவைச் சங்கம் ஏற்குமாயின், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பொறுப்பேற்று, திரும்பவும் அவரவர் வீட்டு வாசலில் ஒப்படைக்கும் வேலையை என்னைப் போன்ற ஆசிரியர் சிலர் ஏற்க ஆயத்தமாயிருக்கின்றோம்.